ஜன்னலோரத்துச் சிவப்பு

தெருவில் அவளைக் கலரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த பழக்கடைக்காரருக்கும் அவள் கலரக்காதான். பெயரைக் கேட்டுவிட்டு யாரோ மினுக்கிக்கொண்டு திரிகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. உடுப்பு விஷயத்தில் அவளைப்போல உப்புச்சப்பில்லாத ஆளைப் பார்க்க முடியாது. சாம்பல் நிறத்தில் ஒரு தொளதொளச் சட்டை, அதன்மேல் மரச்சாயம் தெறித்த பழைய மேலங்கி, காதோரம் செருகிய ஒரு பிரஷ், இவ்வளவுதான் அலங்காரம். அவளுடைய அண்ணன் மரத்தரை பழுதுபார்ப்பவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விழுந்த இடுக்கை அடைப்பார், கீறலை நிரப்புவார். அடைத்த இடமும் நிரப்பிய இடமும் கண்ணுக்குத் தெரியாதபடி நிறம் கூட்டிக் கொடுப்பது அவள் வேலை. பெயர் அப்படி வந்தது.

நமக்கெல்லாம் பழுப்பு என்றால் ஒரே பழுப்பு. அவளுக்கு அதில் ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது. தேனுக்குப் பக்கத்தில் நிற்கிற பழுப்பு, ஆறிப்போன டீயின் பழுப்பு, பால் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்ட டீயின் பழுப்பு, நனைந்த அட்டைப்பெட்டியின் பழுப்பு என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லுவாள். வேலைக்குப் போன வீட்டில் முதல் காரியமாக ஈரத்துணியால் பலகையின் ஒரு மூலையைத் துடைப்பாள். வார்னிஷ் ஏறியதும் மரம் என்ன நிறத்துக்கு வரும் என்பதை அந்த ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒரு பீங்கான் தட்டில் சாயத்தைக் கலந்து, துண்டுப் பலகையில் தடவி, காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம், விளக்கைப் போட்டு ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். கீறல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று, வேலை முடிந்தபின் தரையில் தவழ்ந்த வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு முட்டி வலித்ததுதான் மிச்சம்.

அண்ணனைத் தெருவில் தரைக்காரர் என்பார்கள். எப்போது போய்ப் பார்த்தாலும் முட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் மெத்தையைப் போட்டுக்கொண்டு, கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்து, ஒற்றைக் கண்ணை மூடியபடி எதையாவது ஆராய்ந்துகொண்டிருப்பார். கீறல்களைப் பொறுத்தவரை அவர் ஒரு போலீஸ்காரர்தான். யார் வேலை என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் பாவம், நாயின்மேல் பழி விழுந்திருந்தது. அண்ணன் கீறலில் விரலை ஓட்டிப் பார்த்தார். நாய்க்கு ஒரு காலிலேயே பல நகம், இதுவோ ஒற்றைக் கோடு, அதுவும் சமையலறையிலிருந்து வாசல்வரைக்கும் வளையாமல் வந்திருக்கிறது, சமீபத்தில் ஃப்ரிட்ஜை இழுத்தது யார் என்று கேட்டார். வீட்டுக்கார ஐயா அசடு வழிந்துகொண்டு டீ போடப் போனார். நாய்க்கு அன்று கூடுதலாக பிஸ்கட் கிடைத்தது.

வேலையில் அண்ணனுக்கு அவசரம் ஆகாது. மெல்லிய இடுக்கு என்றால் அதே தரையை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த தூளைப் பசையோடு குழைத்து அடைப்பார். நாணயம் நுழைகிற இடுக்கு என்றால் அதே வகை மரத்தில் ஒல்லியாக ஒரு கீற்று அறுத்து உள்ளே இறக்குவார். கீற்றின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பசை. இரண்டு பக்கமும் தடவிவிட்டால், மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற பலகை நகர வழியில்லாமல் வேறு எங்கேயோ பிளந்துகொள்ளும். முகர்ந்து பார்த்தே இன்ன மரம் என்பார். கையில் தூக்கிப் பார்த்தே நன்றாகக் காய்ந்ததா இல்லையா என்பார். மரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவருக்கு நிறம் தெரியாது.

பிறவியிலேயே அப்படி. கறுப்பும் வெளுப்பும் நன்றாகத் தெரியும். நிறம் அடர்த்தியா மங்கலா என்பதையும் கச்சிதமாகச் சொல்லுவார். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவைதான் அவர் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். சின்ன வயதில் பழம் வாங்க அனுப்பினால் காயும் பழமுமாக அள்ளிக்கொண்டு வருவார். திட்டு வாங்கி வாங்கி, அமுக்கிப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொண்டார். ஒரு காலில் பச்சையும் மறு காலில் பழுப்புமாகக் காலுறை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாள் ஒன்று உண்டு. பையன் வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்கிறான் என்று வாத்தியாரே சிரித்தாராம்.

மரச்சாமான் கடை ஒன்றில் வேலை பழகப் போனபோது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓர் அலமாரியின் ஒரு கதவு செம்பழுப்பு, இன்னொரு கதவு பாசி பிடித்த பச்சை என்று பூசிவைத்துவிட்டார். முதலாளி அவரைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று கடையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்தது பள்ளிச் சீருடையில் நின்ற தங்கை ஒருத்திதான். யாரிடமும் சொல்லிவிடாதே பாப்பா என்று கேட்டுக்கொண்டார். பாப்பா வளர்ந்து, தலையில் நரை எட்டிப் பார்த்து, அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சாய டப்பாக்களின் மூடியில் அவள் கத்தியால் வெட்டுக்குறி வைத்திருந்தாள். எந்த மரத்துக்கு எந்த டப்பா என்று அண்ணன் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வார். யாராவது நிறத்தைப் பற்றி அவரிடம் வாயெடுத்தால், அதெல்லாம் தங்கச்சி இலாகா என்று கையைக் கழுவிவிடுவார். கூடப்பிறந்தவளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார் பார் என்று வீட்டுக்காரப் பெண்கள் உருகிப்போவார்கள். சிலர் தங்கள் கணவன்மாரிடம் அவரை உதாரணமாகக் காட்டவும் செய்தார்கள். கலரக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். எப்போதாவது அவள் இல்லாத நேரத்தில் அண்ணன் எதையாவது தொட்டு நிறம் பிசகிப்போனால், அவளே போய் நின்று, நான்தான் தப்பாகக் கலந்துவிட்டேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அந்த நேரத்தில் அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குப் பிடித்த நிலக்கடலை வாங்கித் தருவார். மன்னிப்பு கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இந்தச் சமயத்தில்தான் பலகை லாரிக்காரர் வந்து சேர்ந்தார். மர ஆலையிலிருந்து அண்ணனின் பட்டறைக்குப் பலகை ஏற்றிவந்து இறக்குகிறவர். ஆலை இருப்பது ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊரில். வழுக்கைத் தலை, வாய் நிறையச் சிரிப்பு, அந்த வயதிலும் காது சிவக்க வெட்கப்படத் தெரிந்த மனிதர். முதலில் பலகையை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பிறகு இறக்கிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். பிறகு பலகையே இல்லாத வெறும் லாரி பட்டறை வாசலில் வந்து நின்றது. ஆலையில் ஏதோ குளறுபடி செய்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார். அண்ணன் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆலைக்காரர்கள் எப்போதுமே அப்படித்தான் என்று ஒத்து ஊதினார்.

ஒரு நாள் லாரிக்காரர் நேராகவே கேட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொண்டு தன் ஊருக்கு வந்துவிட முடியுமா என்றார். நடமாட முடியாத அம்மா இருப்பதால் தன்னால் அந்த ஊரைவிட்டு வர முடியாது என்பதையும் மறைக்கவில்லை. கலரக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மென்று விழுங்க ஒன்றுமில்லை, ரொம்பவே பிடித்திருந்தது. லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் காதோரத்து பிரஷை எடுத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொள்வாள். ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்த பதில், பார்க்கலாம் என்பதுதான். அடுத்த முறை கேட்டபோதும் அதே பார்க்கலாம். காரணத்தைச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அது அவளுடைய காரணமே இல்லை. அவள் போய்விட்டால் அண்ணனுக்கு நிறம் சொல்ல யார்? வெளியாள் ஒருவரை வைத்துக்கொண்டால் குட்டு உடைந்துபோகும். குட்டு உடைந்தால் இந்த மனிதர் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார், உளியை மறுபடி கையால் தொடமாட்டார். இதை அவள் சர்வ நிச்சயமாக நம்பினாள்.

அண்ணனும் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எனக்காகத்தான் தள்ளிப்போடறியா பாப்பா?"

"உனக்காக எதுக்கு? அந்த ஊர்ல வெயில் ஜாஸ்தியாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெயிலைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

லாரிக்காரரின் அம்மா அவளைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சேதி வந்ததும், அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். நாலு நாள் தங்கி வீட்டையாவது பார்த்துவிட்டு வா, கையில் இப்போதைக்கு வேலையே இல்லை என்று அடித்துச் சொல்லி அவளை பஸ் ஏற்றிவிட்டார். வேலை இருந்தது. முந்தின நாள்தான் நடனப் பள்ளி டீச்சர் வந்து, கூடத்துத் தரை கெட்டுக் கிடக்கிறது, குழந்தைகள் வெறுங்காலில் ஆடுகிறார்கள், சிராய் ஏறிவிடுகிறது, உடனே வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதைத் தங்கையின் காதில் போடவில்லை. மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார்.

அந்த ஊரில் வெயில் ஒன்றும் ஜாஸ்தியாக இல்லை. வீடு முழுக்கச் சிமெண்டுத் தரை, கீறல் விழுந்தாலும் கேட்பாரில்லை. கட்டிலில் கிடந்த அம்மா அவள் கையைப் பிடித்தவள் சாப்பிடும் நேரத்துக்குக்கூட விடவில்லை. லாரிக்காரர் வாசல் கேட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று யோசனை கேட்டார். அவள் யோசிக்காமல் நீலம் என்றாள். அவள் கிளம்பும்போது கேட்டில் நீலம் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. தொட்டுவிடாதீர்கள், காயவில்லை என்று லாரிக்காரர் பதறினார். ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கொஞ்சம் அழுதாள்.

காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அண்ணன் காத்திருந்தார். பையை வாங்கிக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப் பக்கம் நடந்தார். எங்கே என்று கேட்டால் வா என்றார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் அம்மாவை இழுத்துக்கொண்டு போவதுபோல, அவளுக்கு முன்னால் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனார். நடனப் பள்ளியின் மாடிப்படி ஏறி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கூடத்தைத் திறந்துவிட்டார்.

நீளமான கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ப்பக்கம் முழுக்கப் பெரிய பெரிய ஜன்னல்கள். இரும்பு அலமாரியை யாரோ இழுத்துக்கொண்டு போனதில் விழுந்த பெரிய கீறல் ஒன்று இருந்ததாம், நடுவில் பலகைகள் சுருங்கி இடுக்கு இடுக்காகக் கிடந்ததாம். அண்ணன் எல்லாவற்றையும் நிரப்பி, இழைத்து, சாயம் ஏற்றி முடித்திருந்தார். பளபளப்பாக வேண்டுமா, மங்கலாக வேண்டுமா என்று டீச்சர் முடிவு செய்யாததால் வார்னிஷ் மட்டும் பாக்கி.

"பாரு பாப்பா. ஒருத்தனாவே முடிச்சிட்டேன். இனிமே நீ தைரியமா கிளம்பலாம்."

கலரக்கா பார்த்தாள். கண்ணாடிச் சுவர்ப் பக்கம் எது பழசு, எது அண்ணன் இறக்கிய கீற்று என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அங்கேயிருந்து பார்வை நகர்ந்து ஜன்னல் பக்கம் வந்தது. ஒவ்வொரு இடுக்கும் செங்கல்லால் கோடு போட்டு வைத்ததுபோலச் சிவந்து கிடந்தது.

என்ன நடந்தது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் மரத்தை முகர்ந்து பார்த்திருக்கிறார், சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். மூடியைத் தடவி அந்த மரத்துக்கு உண்டான டப்பாவைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் ஜன்னலோரத்துப் பலகைகள் பல வருஷமாக வெயில் குடித்தவை. அவற்றின் சிவப்பு எப்போதோ போய், தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒரே தரைதான், ஒரே மரம்தான், ஆனால் இரண்டு நிறம். நிறம் தெரிந்த எவரும் அந்த இடத்தில் டப்பாவை மாற்றியிருப்பார்கள். அண்ணனோ அடர்த்தியை மட்டும் பார்த்து அச்சாகப் பொருத்தியிருந்தார். சிவப்பு போனது அவருக்குத் தெரிய வழியில்லை.

அவள் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். ஒரு மயிரிழை மேடு பள்ளம் இல்லை. இவ்வளவு அருமையான கைவேலையின்மேல் இப்படி ஒரு சிவப்பு உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தாள். நிமிர்ந்தபோது அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்குண்ணா," என்றாள்.

பையை வீட்டில் வைத்துவிட்டுக் குளித்துச் சாப்பிடு, நான் இங்கே கூட்டிப் பெருக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவரைக் கிளப்பினாள். அவர் படி இறங்கும் சத்தம் கேட்டதும் மூலையில் கிடந்த உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் முட்டி போட்டாள். வார்னிஷ் ஏறாததால் மேல் சாயத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். டீச்சர் வருவதற்குள் பாதியாவது முடியும். தேய்க்கத் தேய்க்க மனசு வேறு கணக்குப் போட்டது. இந்தக் கூடத்தை மறைத்துவிடலாம், அடுத்த வீட்டை யார் மறைப்பார்கள்? தனியாக ஒரு வேலையை எடுத்து முடிக்க எவ்வளவு ஆசையாக முயன்றிருக்கிறார், அதுவும் அவளை அனுப்பிவைப்பதற்காக. அதற்கே இந்தக் கதி என்றால் அவள் எங்கே போவது? ஈரமாக மின்னிய அந்தக் கேட்டை மனசுக்குள்ளேயே சாத்தினாள். லாரிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடிப்பது அந்த நல்ல மனிதருக்குச் செய்கிற பாவம் என்று முடிவுகட்டினாள்.

வாசலில் நிழல் தெரிந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பை இன்னும் கையிலேயே இருந்தது. அவர் படியைத் தாண்டிப் போகவே இல்லை.

"நிறம்தான் எனக்குத் தெரியாது," என்றார். "உன் மூஞ்சி தெரியும்."

அவள் உப்புத்தாளை மறைக்கப் பார்த்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"எவ்வளவு மோசம்?"

"ஜன்னல் பக்கம் மட்டும்தாண்ணா. மத்ததெல்லாம் அருமையா இருக்கு."

"சிவப்பா?"

"ஆமா."

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த உட்காருதலை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்திருக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது.

நடன டீச்சர் குள்ளமானவர். ஆனால் அவர் குரல் அவருக்கு முன்னாலேயே அறைக்குள் வந்துவிடும். பள்ளி முழுக்க அதட்டி அதட்டி, கடைக்காரரிடம் பேசும்போதும் தாளம் போட்டுப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. கைப்பையைத் தோளில் மாட்டியபடி உள்ளே வந்தவர் தரையைப் பார்த்து நின்றார். ஜன்னலோரம்வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"என்ன இது? இந்தப் பக்கம் மட்டும் சிவப்பா இருக்கு?"

கலரக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலங்காலமாகப் பழகிய வாய் தானாகவே திறந்துகொண்டது.

"என் தப்பு டீச்சர். நான்தான் சாயத்தைத் தப்பாக் கலந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணித் தந்துடறேன்."

சொல்லிவிட்டு வழக்கம்போல அண்ணனைப் பார்க்காமல் இருந்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கால்சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அவ கலக்கல டீச்சர். அவ ஊர்லயே இல்ல. இப்பதான் பஸ்ஸைவிட்டு இறங்கினா."

"அண்ணா," என்றாள் அவள்.

"இரு பாப்பா." அவர் செருமிக்கொண்டார். "எனக்கு நிறம் தெரியாது டீச்சர். சிவப்பு, பச்சை எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். இவதான் இத்தனை வருஷமா எனக்குப் பார்த்துச் சொன்னா. நான் பண்ணின தப்புக்கெல்லாம் இவதான் பழியை ஏத்துக்கிட்டா. இவளுக்குக் கல்யாணம் ஆகப்போகுது. இனிமே என் தப்பு என்னோடதா இருக்கட்டும்."

கலரக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். கடை நிறையச் சிரித்த அந்தச் சிரிப்பு எங்கேயோ காத்துக்கொண்டிருந்து இப்போது வரப்போகிறது, அண்ணன் சுவரோரம் மறுபடி உட்காரப்போகிறார் என்று பயந்தாள். சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது டீச்சர் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அடவு தப்பிய குழந்தையைப் பார்ப்பதுபோல அண்ணனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வகுப்புல பாதிப் பேருக்கு இடது கால் எது, வலது கால் எதுன்னே தெரியாது. அவங்களையே ஆட வெச்சிருக்கேன்," என்றார். "கலக்கறதுக்குக் கை வருமில்ல?"

"அது வரும்."

"அப்புறம் என்ன? நீங்க கலக்குங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

அண்ணன் இதற்குத் தயாராக வந்தவர் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு பீங்கான் தட்டைத் தேடி எடுத்தார். தங்கையின் கை தானாகத் தட்டை நோக்கிப் போனது. நீ உட்கார் பாப்பா, பிரயாணக் களைப்பு என்று சொல்லி, குழந்தைகள் காத்திருக்கிற பெஞ்சைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு ரொம்பத் தாழ்வாக இருந்தது. முட்டி தாடையில் இடித்தது.

அடுத்து நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். டீச்சர் வகுப்பு நடத்துகிற குரலிலேயே நிறத்தையும் நடத்தினார். மஞ்சள் இன்னும், இன்னும், போதும், நிறுத்துங்கள் என்று கையைத் தட்டினார். அண்ணன் ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, இந்த ஈர நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார். துண்டுப் பலகையை ஜன்னலில் ஒரு தரம், விளக்கில் ஒரு தரம் காட்டினார். சந்தேகம் கேட்டார், ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார். வாழ்நாளில் யாரிடமும் கேட்காததையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். திரைச்சீலையைக் காட்டி அது என்ன நிறம் என்றார். பச்சை என்றார் டீச்சர். நான் பழுப்பென்றல்லவா நினைத்தேன் என்று அண்ணன் சிரித்தார். தன் சட்டையைக் காட்டிக் கேட்டார். ரோஸ் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதைத்தான் சாம்பல் என்று கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டானா என்று இன்னும் பலமாகச் சிரித்தார். அந்தக் கூடத்தில் சிரித்தவர்களிலேயே அதிகம் சிரித்தது அவர்தான்.

கலரக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதோடு வலிக்கவும் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தான் ஒருத்தி மட்டுமே செய்ய முடியும் என்று இத்தனை காலம் கட்டிக்காத்த வேலையை, ஒரு நடன டீச்சர் தோளில் மாட்டிய கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் செய்துகொண்டிருந்தார். அண்ணன் தன்னைக் கூப்பிடுவாரா என்று ஒரு மனசு பார்த்துக்கொண்டே இருந்தது. கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று இன்னொரு மனசு வேண்டிக்கொண்டது.

ஜன்னலோரத்து முதல் இடுக்கில் புதுச் சாயம் ஏறிக் காய்ந்தது. டீச்சர் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார்.

சரியாக இல்லை. மஞ்சள் ஒரு துளி தூக்கலாக இருந்தது. உலகத்தில் வேறு யார் கண்ணுக்கும் அது படாது. குழந்தைகள் அதன்மேல் ஆடுவார்கள், பெற்றோர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்த கலரக்காவுக்குக் கண்ணில் தூசி விழுந்ததுபோல உறுத்தியது. அரைச் சொட்டு கறுப்பு விட்டால் போதும், அடங்கிவிடும். அண்ணன் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். பிரஷ் அந்தரத்தில் நின்றது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணன் திரும்பிக்கொண்டு அடுத்த இடுக்குக்கு நகர்ந்தார். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். படியில் உட்கார்ந்து லாரிக்காரருக்கு ஃபோன் போட்டாள். எடுத்ததும் எதிர்முனையில் எஞ்சின் இரைச்சல்தான் முதலில் கேட்டது, பிறகுதான் அவர் குரல் கேட்டது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்றார்.

"சேர்ந்துட்டேன்," என்றாள். "எப்ப வந்து எங்கண்ணன்கிட்ட பேசறீங்க?"

"இருங்க," என்றார் லாரிக்காரர். "வண்டியை ஓரம்கட்டிக்கறேன்."

உள்ளே டீச்சர் கையைத் தட்டி, போதும் போதும் என்றார். அண்ணன் எதற்கோ சிரித்தார். கலரக்கா ஃபோனைக் காதில் வைத்தபடி, லாரி நிற்பதற்காகக் காத்திருந்தாள்.